தவளை வயிற்றின் நிறம்

காரிமங்கலம்,
வெகுதானிய வருஷம் ஐப்பசி மாதம் 24ந் தேதி.

சிரஞ்சீவி பச்சியப்பனுக்கு அப்பன் கிருஷ்ணப்பன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை சாலம்மாளும் இரண்டு எருதும் கன்று போட்ட செவலைப் பசுவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மருமகள் காவேரியும் அப்படியே இருக்க நம்ம பெருமாளைக் கேட்டுக்கொள்கிறேன். இந்தத் தரம் மழை பரவாயில்லை, ஏரி முக்கால் நிரம்பிவிட்டது, தண்ணி செம்மண் கலங்கலாக இருக்கிறது. கேழ்வரகு கதிர் பிடித்திருக்கிறது, எலிதான் அதிகம்.

நீ போட்ட கடிதம் சந்தையில் வைத்தே கைக்கு வந்தது. தபால்காரர் என்னைத் தேடிவந்து கொடுத்தார், கடலைக்காய் மூட்டைமேல் உட்கார்ந்து படித்தேன். உன் அப்பா கிணற்றில் குதித்துவிட்டார், ஆள் கூடிக் கயிறு போட்டு எடுத்தோம் என்று உன் மாமன் ராஜப்பன் உனக்கு எழுதினதாகவும், அதைப் படித்ததிலிருந்து உனக்கும் காவேரிக்கும் சோறு இறங்கவில்லை என்றும், ரப்பர் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு அடுத்த கப்பலுக்கே ஏறப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். கண்ணு, அவசரப்படாதே. இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கப்பலைப் பற்றி யோசி. நான் கிணற்றுக்குள் போனது நிஜம். கயிறு போட்டதும் நிஜம். ஆனால் குதிக்கவில்லை, படி வழியாக மரியாதையாக இறங்கினேன். தவளையின் வயிறு என்ன நிறம் என்று பார்க்கத்தான் இறங்கினேன். இதை இந்த ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. உனக்காவது முதலிலிருந்து எழுதினால் நம்புவாய் என்று எழுதுகிறேன்.

அம்மாவுக்கு என்று நீ ஊருக்குத் திரும்பின அரூர்க்காரரிடம் கொடுத்தனுப்பின ரப்பர் ஷீட்டு அவள் போவதற்குள் வந்ததா, அவளுக்கு உதவினதா என்று முந்தின கடிதத்திலேயே கேட்டிருந்தாய். நான் அதற்குப் பதில் எழுதாமல் எலியைப் பற்றி எழுதினேன். ஷீட்டு வந்தது கண்ணு. உன் அம்மா போய்க் கருமாதியும் முடிந்த பிறகு வந்தது. படுக்கைப் புண்ணுக்கு அடியில் விரிக்க வேண்டும், தோட்டத்து ஆஸ்பத்திரியில் இப்படித்தான் விரிக்கிறார்கள் என்று நீ சொல்லி அனுப்பினதை அந்த மனுஷர் வாசலில் நின்று அப்படியே ஒப்பிக்க ஆரம்பித்தார். என் மொட்டைத் தலையைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினேன். விரித்துப் பார்த்தேன், புகை போட்டுப் பழுப்பாக்காத ஷீட்டு, கெட்டி மோர் நிறம், கையில் எடுத்தால் மெத்தென்று இருந்தது, வாசனை மட்டும் புளித்த கூழ் வாசனை. நல்ல சாமான். வூட்டில் வைக்க வேண்டாம் என்று சாலம்மாள் சொன்னாள். மாட்டுக்கொட்டகையில் ஒழுகுகிற இடத்தில் போடலாம் என்று ராஜப்பன் சொன்னான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, மடித்துப் பரண்மேல் போட்டேன்.

உன் அம்மா போனதிலிருந்து எனக்கு எதுவுமே தோன்றுவதில்லை, அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். சப்பணம் போட்டு வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தால் கால் இருக்கும் பார், கிள்ளினால் வேறு எவனுடைய காலையோ கிள்ளின மாதிரி, அப்படி இருக்கிறேன். அவளை எடுத்த அன்றைக்கு என் கண்ணில் தண்ணி வரவில்லை. ஊரில் பேசினார்கள். கண்தான் கெட்டுவிட்டதோ என்று எனக்கே சந்தேகம் வந்து, ஒருநாள் சாலம்மாளிடமிருந்து வெங்காயத்தை வாங்கி உரித்துப் பார்த்தேன், தாராளமாக வந்தது. சரி, கண்ணில் குறை இல்லை என்று வெங்காயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காட்டு வேலைக்குப் போனேன். வேலை செய்கிறேன், தூங்குகிறேன், போடுவதைத் தின்கிறேன். தின்றது களியா சோறா என்று கேட்டால் தட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இப்படி இருக்கையில் ஐப்பசி அமாவாசைக்கு அவளுக்கு முதல் படையல் வைக்கிற பேச்சு வந்தது. அவளுக்குப் பிடித்ததை எல்லாம் வைக்க வேண்டும் அல்லவா. வெற்றிலை பாக்கு, அவிச்ச கடலைக்காய், எள்ளுருண்டை என்று சாலம்மாள் சொல்லிக்கொண்டு வந்தாள். விரால் குழம்பு இல்லாமல் அவள் வந்து உட்காருவாளா என்றேன். "வந்தாலும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிருவா, அண்ணிய எனக்குத் தெரியாதா, சந்தையில பாத்து வாங்கியாந்துரு" என்றாள். வாங்கின மீனை உன் அம்மா என்றைக்கு நிம்மதியாகத் தின்றாள்? என்ன விலை என்று கேட்டுக் கேட்டே முள்ளைத் தொண்டையில் சிக்க வைத்துக்கொள்வாள். நம்ம ஏரியில் நான் பிடித்து வந்தால்தான் அவளுக்கு மீன். ஆனால் விரால் பிடிக்க நம்ம பக்கத்தில் இருக்கிற வழி உனக்குத் தெரியும், உயிர்த் தவளை முதுகில் கொக்கியை ஏற்றிப் பாசி ஓரம் நீந்த விடுவது. அது உன் அம்மாவுக்கு ஆகவே ஆகாது. நீ சின்னவனாக இருக்கும்போது ஒருதரம் வாசலில் உட்கார்ந்து கொக்கி ஏற்றினேன், தவளை கையை விரித்துக்கொண்டு கத்தியது, "இனிமே அந்தக் கையோட சோறு கேட்டு வூட்டுக்குள்ள வராதீங்க" என்று கதவைச் சாத்திவிட்டாள். அதோடு மண்புழுவுக்கு மாறினேன். மண்புழுவுக்கு வருவது கெளுத்தி, விரால் எப்போதாவது வழி தெரியாமல் வந்து மாட்டும், அன்றைக்கு அவளுக்குத் திருவிழா. இப்போது அவளுக்கு வைக்கிற மீனையே தவளை குத்திப் பிடித்தால் அந்தக் குழம்பைத் தொடுவாளா? எப்போதாவது மாட்டுகிற விராலை நம்பி அமாவாசையை ஒத்திப்போடவும் முடியாது. அப்போதுதான் பரண்மேல் கிடந்த ஷீட்டு ஞாபகம் வந்தது. வலிக்காத தவளையாக ஒன்று செய்தால் என்ன என்று தோன்றியது. ரொம்ப நாளைக்கப்புறம் எனக்குத் தோன்றின முதல் யோசனை அதுதான், அதனால் அதை விட மனம் வரவில்லை.

கத்தரித்தேன். முதலில் வெட்டின தவளை உன் மாமன் ராஜப்பன் மத்தியானத்தில் மல்லாந்து தூங்குகிற மாதிரியே இருந்தது, அதைத் தூர வைத்துவிட்டேன். அப்புறம் கை பழகியது. உடம்பை இரண்டாக மடித்து ஒட்டி, பின்னங்கால் இரண்டையும் மெலிசாக நீட்டி விட்டால் இழுக்க இழுக்க ஆடுகிறது. மரக்கட்டையில் செய்தால் ஆடாது, வாயில் கவ்வினதும் கெட்டியாக இருந்தால் விரால் துப்பிவிடும். இது நிஜமான சதை மாதிரி இருக்கிறது. நிறம்தான் பாக்கி. வெட்டின துண்டு துணுக்கை மண்ணெண்ணெயில் ஊற வைத்தால் பசையாகிறது, அதில் எந்தப் பொடியைக் குழைத்துப் பூசினாலும் பிடித்துக்கொள்கிறது. நீ ரப்பர் காட்டில் இருக்கிறாய், இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும், எனக்குப் புதிது.

அதற்குள் புரட்டாசி பிறந்துவிட்டது. நாமம் போடுகிற வூட்டில் புரட்டாசியில் தூண்டிலைத் தொட முடியுமா? ஆனால் இந்த ஏரி மீனுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று முன்னாலேயே பார்க்காமல் அமாவாசைக்கு முதல்நாள் போய் நின்றால் வெறுங்கையோடுதான் வர வேண்டும். யோசித்துப் பார்த்து, கொக்கி கட்டாமல் எறிவது என்று வைத்துக்கொண்டேன். கயிற்று நுனியில் ரப்பர் தவளை மட்டும். மீன் வந்தால் பார்க்கிறது, வராவிட்டால் நிறத்தை மாற்றுகிறது. பெருமாளுக்கும் குறை இல்லை, மீனுக்கும் காயம் இல்லை. நெற்றி நிறைய நாமத்தோடு கரையில் நின்று கொக்கி இல்லாத தூண்டிலை வீசுகிற என்னை, நமக்கு அடுத்த காட்டு மாதப்பன் பார்த்துவிட்டான். "ஏன்யா கிருஷ்ணப்பா, பொண்டாட்டிய எடுத்தப்போ உன் புத்தியையும் சேத்து எடுத்துட்டாங்களா?" என்றான். நல்ல கேள்விதான். மீனுக்கும் விரதம், தூண்டிலுக்கும் விரதம் என்று சொல்லிவைத்தேன்.

முதலில் பச்சை பூசினேன். தவளை என்றால் பச்சை என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அகத்திக் கீரையை அரைத்து, முதுகு வயிறு கால் என்று ஒரு இடம் விடாமல் பூசி, கல்யாணப் பெண் மாதிரி ஜோடித்து எறிந்தேன். ஏரியில் ஒன்றும் அசையவில்லை. சட்டிக் கரியைக் குழைத்துக் கருப்பாக்கினேன், அதற்கும் வரவில்லை. மஞ்சள் பூசினேன், ரொம்பப் பளிச்சென்று இருந்தது, கொஞ்சம் வெளுக்கட்டும் என்று வெற்றிலைச் சுண்ணாம்பைக் கலந்தேன். உன் அப்பன் புத்தியைப் பார், மஞ்சளில் சுண்ணாம்பு போட்டால் என்ன ஆகும்? ரத்தச் சிவப்பாகிவிட்டது. சாலம்மாள் எட்டிப் பார்த்து, "ஏண்ணா, ஆலம் கரைக்கிறியே, யாரக் கட்டிக்கிட்டு வரப்போற?" என்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் குழைத்துக்கொண்டிருந்தேன். வீணாக்க வேண்டாம் என்று அந்தச் சிவப்பையும் எறிந்து பார்த்தேன். அதற்குத்தான் முதன்முதலாக ஒரு விரால் வந்தது. பெரிசு. ஆனால் வாயில் வாங்கவில்லை. மூக்கால் மெதுவாகத் தள்ளிப் பார்த்தது, நான் இழுக்க இழுக்கக் கரைவரைக்கும் கூடவே வந்தது, அப்புறம் திரும்பிப் போய்விட்டது. விரால் குஞ்சுகள் சிவப்பாகக் கூட்டம் போட்டு மேலே மேயும், பெரிய மீன் இரண்டும் கீழேயே காவல் கிடக்கும், நீயே எனக்குக் காட்டியிருக்கிறாய். தன் குஞ்சு ஒன்று தனியாக வந்துவிட்டது என்று நினைத்ததோ என்னவோ. சிவப்பை அதற்கு மேல் எறியவில்லை.

கரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. நான் தவளையை எப்போதும் மேலே நின்று பார்க்கிறவன், முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். விரால் கிடப்பது தண்ணிக்கு அடியில், அதற்கு முதுகு எங்கே தெரியும்? கீழே இருந்து பார்த்தால் தவளை எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஏரித் தண்ணியில் முங்கினால் என் கையே எனக்குத் தெரியாது. நம்ம கிணற்றுத் தண்ணி தெளிவு, தவளைக்கும் பஞ்சமில்லை. வேட்டியை மடித்து மேல்படியில் வைத்தேன், கோவணத்தோடு இறங்கி நாலைந்து தரம் முங்கி எழுந்தேன், கடைசித் தரம் தண்ணிக்குள் இருக்கிற படியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். ஒரு தவளை தலைக்கு மேலே நீந்திப் போனது. பச்சையும் இல்லை ஒன்றும் இல்லை. வயிறு வெள்ளை, கெட்டி மோர் வெள்ளை, அதற்குப் பின்னால் தெரிகிற வானமும் அதே மாதிரி, கால் உதைக்கும்போதுதான் அது தவளை என்றே தெரிந்தது. அந்த நிறத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தேன். நீ அனுப்பின ஷீட்டின் நிறம். அதன்மேல்தான் நான் பச்சையும் கருப்பும் பூசிப் பூசி மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இனி எழுதுவது உனக்கு மட்டும். சாலம்மாளுக்குப் படிக்கத் தெரியாது, ராஜப்பனுக்கு நீ எழுதாதே. தவளை போன பிறகும் நான் அங்கேயே கொஞ்சம் இருந்தேன். மேலே வர வேண்டும் என்கிற அவசரம் இல்லை. சத்தம் இல்லாமல் நன்றாக இருந்தது. சாக வேண்டும் என்று நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை. உன்னையும் நினைக்கவில்லை. அதுதான் பிறகு எனக்கு யோசனையாகப் போனது. மூச்சு முட்டியது, கை தானே படியை விட்டது, உடம்பு மேலே வந்துவிட்டது. என்னைக் கேட்டுக்கொண்டு வரவில்லை.

தலையை நீட்டினால் கயிறு ஒன்று மூஞ்சிமேலேயே விழுகிறது. மேலே பாதி ஊர் நிற்கிறது. படியில் மடித்து வைத்த வேட்டியை மாதப்பன் பார்த்திருக்கிறான், மடித்து வைத்துவிட்டுப் போகிறவன் திரும்பி வர மாட்டான் என்று அவன் கணக்கு. "புடிய்யா, கயித்தப் புடிய்யா, பாவி மனுசா" என்று கத்துகிறான். உன் மாமன் கிணற்று மேட்டில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுகிறான், "அக்கா போயி ரெண்டு மாசங்கூட ஆவலீங்களே மாமா, நீங்களுமாங்க?" என்று. நான் ஏதாவது சமாதானமாகச் சொல்லியிருக்க வேண்டும். மூச்சு வாங்கினதும் "வயிறு வெள்ளைடா" என்றேன். அதற்கப்புறம் என்னை யார் நம்புவார்கள்? பூசாரி வந்து வேப்பிலை அடித்தார். சாலம்மாள் வாளியையும் கயிற்றையும் எங்கேயோ ஒளித்து வைத்தாள், இரண்டு நாள் மாதப்பன் கிணற்றிலிருந்துதான் தண்ணி. ராஜப்பன் அன்றைக்கே உனக்குக் கடிதம் போட்டுவிட்டான். அவன்மேல் கோபப்படாதே, அவன் பயந்தது பயந்ததுதான்.

ஐப்பசி பிறந்தது. முதுகில் மட்டும் கரிசல் மண்ணைக் குழைத்துப் பூசினேன், வயிற்றை நீ அனுப்பின நிறத்திலேயே விட்டேன், மடிப்புக்குள் கொக்கியை மறைத்தேன். அமாவாசைக்கு முதல்நாள் ஊரெல்லாம் தீபாவளி வெடி, நமக்கு இந்த வருஷம் தீபாவளி இல்லை, விடிந்ததும் ஏரிக்குப் போனேன். நான் தனியாகத் தண்ணிப் பக்கம் போகக்கூடாது என்று ஊரில் ஏற்பாடு, அதனால் காவலுக்கு மாதப்பன் கூடவே வந்தான், வரும்போது ஒரு கயிறும் கொண்டுவந்தான். வீசிப் பாசி மேலே இழுத்துக்கொண்டு வந்தேன். பாசி விட்டுத் தண்ணியில் இறங்கி இரண்டு உதை உதைத்திருக்கும், தண்ணி டப்பென்று வெடித்தது, மூங்கில் வளைந்து என் இடுப்புவரைக்கும் வந்துவிட்டது. "விடாதய்யா, விடாத" என்று குதித்த குதியில் மாதப்பன் கொண்டுவந்த கயிற்றைத் தண்ணியில் விட்டுவிட்டான். கரையில் எடுத்துப் போட்டால் முழங்கை நீளம், உன் அம்மா பார்த்திருந்தால் தெருவெல்லாம் காட்டிவிட்டுத்தான் அறுத்திருப்பாள். தூண்டில் நூல் என் உள்ளங்கையை அறுத்து ரத்தம் வழிந்ததை மாதப்பன்தான் பார்த்துச் சொன்னான். நான் கையைப் பார்த்தேன், ஆமாம், ரத்தம்.

படையல் நன்றாக நடந்தது. படைக்கிற குழம்பை உப்புப் பார்க்கக் கூடாது அல்லவா, சாலம்மாள் நாக்கில் வைக்காமலே ஆக்கினாள். இலை போட்டு எல்லாம் வைத்து, அவள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். அப்புறம் திறந்து எல்லோரும் உட்கார்ந்தோம். சாலம்மாள் கைப்பதற்றத்தில் உப்பே போடவில்லையாம், எல்லோரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டு இருந்தார்களாம், நான் மட்டும் மறுபடியும் குழம்பு கேட்டு வாங்கித் தின்றேனாம். ராஜப்பன் பாதிச் சோற்றில் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டான். இவ்வளவும் சாலம்மாள் பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் களிக்கு மிச்சக் குழம்பு ஊற்றினாள். ஒரு வாய் வைத்தேன். "ஏ புள்ள, கொழம்புல உப்பே இல்ல" என்று அடுப்படியைப் பார்த்துச் சத்தம் போட்டேன். புள்ள என்று நான் சாலம்மாளைக் கூப்பிட்டதில்லை, நான் அப்படிக் கூப்பிடுகிறவள் ஒருத்திதான். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. கொஞ்சம் கழித்துச் சாலம்மாள் உப்புச் சட்டியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கையால் அள்ளினேன். நூல் அறுத்த இடத்தில் உப்புப் பட்டு எரிந்தது. ரொம்பவே எரிந்தது கண்ணு. அன்றைக்குக் களியைத் தின்று முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பக்கத்தில் வெங்காயம் எதுவும் இல்லை.

ஆகையால் கிணற்றுக்காக நீ கப்பல் ஏற வேண்டாம். லீவு கிடைக்கிறபோது காவேரியையும் கூட்டிக்கொண்டு சாவகாசமாக வா. ஷீட்டில் அம்மா படுக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டிருக்காதே, அதில் பிடித்த மீன் அவள் இலையில் விழுந்தது, நீ அனுப்பினது அவளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அதை வெட்டினது தப்பு என்று உனக்குத் தோன்றினால் வெளிப்படையாக எழுது. இந்தக் கடிதத்தோடு ஒரு தவளையை வைத்திருக்கிறேன், தபாலில் நசுங்கி வந்தால் வெந்நீரில் போடு, காலை நீட்டிக்கொள்ளும். உங்கள் தோட்டத்துக்குப் பின்னால் ஆறு ஓடுவதாக எழுதியிருந்தாய். அந்த ஆற்று மீன் எதைத் தின்கிறது என்று முதலில் பார், அதைக் கீழே இருந்து பார்த்தால் என்ன நிறமோ அதை வயிற்றில் வை. தண்ணி ரொம்பக் கலங்கியிருந்தால் வயிற்றில் மஞ்சளை லேசாகத் தடவு, தெளிந்தால் அதுவும் வேண்டாம். சுண்ணாம்பைக் கிட்டே சேர்க்காதே. பார்க்க இறங்கினால் தனியாக இறங்காதே, காவேரியைக் கரையில் உட்கார வைத்துவிட்டு இறங்கு, வேட்டியை மடித்து வைக்காதே, சுருட்டிப் போடு. சாலம்மாள் உங்கள் இரண்டு பேரையும் கேட்டதாக எழுதச் சொன்னாள். நீங்கள் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழப் பெருமாள் துணை இருப்பார், உன் அம்மாவும் இருப்பாள்.

மறக்காமல் ஒன்று. பரணில் இருப்பது இனி இரண்டு தவளைக்குத்தான் வரும், ஒன்றை அந்த விரால் கடித்துக் குதறிவிட்டது. தை அமாவாசைக்குள் வருகிற மாதிரி யாரிடமாவது இன்னொரு ஷீட்டு கொடுத்தனுப்பு. புகை போடாததாகப் பார்த்து அனுப்பு.

இப்படிக்கு,
உன் அப்பன்
கிருஷ்ணப்பன்